பட்டிமன்றத்துக்கு முன் 15 நிமிடம்: அரசியல் விவாதத்தைக் கிண்டல் செய்யும் குறுநாடகத்தை விழாக் குழுவிடம் எப்படிச் சொல்வது?

வரத்துக்கால் (வியாழன், இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். குன்றக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். திருவிழாவில் மூன்றாம் நாள் இரவு பட்டிமன்றம். அதற்கு முன்னால் 15 நிமிடத்தை இளைஞர் மன்றத்துக்குத் தரலாமா என்று விழாக் குழுவில் பேச்சு ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் குழுவின் முன் உட்கார்ந்து கதையைச் சொல்ல வேண்டும். பிடித்தால் மேடை எங்களுக்கு. இல்லாவிட்டால் அந்த நேரம் சினிமாப் பாட்டு நடனத்துக்குப் போய்விடும்.

கதை இதுதான். தொலைக்காட்சியில் இரவு நடக்கும் அரசியல் விவாதம். ஒரு நெறியாளர். நான்கு ஜன்னல், நான்கு தலை: ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, அரசியல் விமர்சகர், சமூக ஆர்வலர். கட்சிக்குப் பெயர் கிடையாது. கரைத்துண்டும் கிடையாது, எல்லாருக்கும் வெறும் வெள்ளைச் சட்டை. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி எழுந்து கேட்கிறார்: "எங்க ஊரணிக்கு வர்ற வரத்துக்கால்ல கருவேலம் மண்டிக் கெடக்கு. எப்ப வெட்டுவீக?"

முதல் சுற்றில் ஊரணியை வெட்டியது யார் என்று சண்டை. இரண்டாவதில் அங்கே நிற்கும் பெயர்ப்பலகையில் யார் பெயர் மேலே என்று சண்டை. மூன்றாவதில் அது ஊரணியா குளமா என்று வருவாய்த்துறைப் பதிவேட்டைத் தேடுகிறார்கள். பாட்டி விடாமல் நான்காவது முறை கேட்கும்போது நெறியாளர் விளம்பர இடைவேளை விடுகிறார்.

இப்போது சிக்கல். போன வருடம் எங்கள் ஊரில் வேறு சிலர் தலைவர்களின் குரலில் பேசிக் காட்டினார்கள். முதல் இரண்டு நிமிடம் நல்ல கைதட்டல். மூன்றாவது நிமிடம் ஒரு தரப்பு எழுந்து நின்றது, நாற்காலி உருண்டது, பட்டிமன்றமே ஒரு மணி நேரம் தாமதம். அதிலிருந்து குழுவில் பெரியவர்கள் "அரசியலே வேண்டாம்ப்பா" என்கிறார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இந்தக் கதையை எங்கள் ஊர் பார்க்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். அந்த வரத்துக்கால் கற்பனை இல்லை, பாட்டியின் கேள்வியும் கற்பனை இல்லை.

இரண்டு உதவி வேண்டும். குழுவிடம் எந்த வாக்கியத்தில் தொடங்குவது? நாடகத்தை எப்படி முடிப்பது? இடைவேளையோடு முடித்தால் அந்தரத்தில் நிற்கிறது.

கண்டனூர் அக்கா (வியாழன், இரவு 10.15)

தம்பி, "அரசியல் நையாண்டி" என்ற சொல்லை வாயில் இருந்தே எடுத்துவிடுங்கள். அதைக் கேட்ட நொடியில் போன வருட நாற்காலிதான் அவர்கள் கண்முன் வரும். "ஒரு பாட்டி நாலு தடவை ஒரே கேள்வியைக் கேட்கிறார், நாலு பேரும் நாற்பது பதில் சொல்கிறார்கள், ஒன்றுகூட அந்தக் கேள்விக்கு இல்லை" என்று தொடங்குங்கள். அவ்வளவுதான் ஒன்லைன். கேட்டவுடன் குழுவில் யாராவது ஒருவர் சிரித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இன்னொன்று. பாட்டியை அப்பாவியாக எழுதாதீர்கள். அவர் பேச்சுவழக்கை வைத்துச் சிரிப்பு வாங்க நினைத்தால் முன்வரிசையில் இருக்கும் அத்தனை ஆச்சிகளும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த மேடையில் விவரம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மழை எந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து வருகிறது, தண்ணீர் எங்கே நின்றுபோகிறது, எந்த வருடம் கடைசியாக ஊரணி நிரம்பியது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

நெறியாளரைப் பெண்ணாக வையுங்கள். நாலு ஜன்னலிலும் ஆண்கள் கத்தும்போது நடுவில் ஒரு பெண் "சுருக்கமாச் சொல்லுங்க, சுருக்கமாச் சொல்லுங்க" என்று மன்றாடுவது நாம் தினமும் பார்ப்பதுதானே.

ஆராவயல் (வியாழன், இரவு 11.02)

எனக்கு உடன்பாடில்லை. கட்சிப் பெயர் இல்லாமல், குரல் சாயல் இல்லாமல், துண்டு நிறம் இல்லாமல் செய்வது நையாண்டியே அல்ல. யாருக்கும் வலிக்காத கிண்டல் யாரையும் தொடாது. நாற்காலி உருண்டதென்றால் எங்கோ பட்டது என்றுதானே பொருள்? பயந்து எழுதுவதற்கு நடனமே நடக்கட்டும்.

வரத்துக்கால் (வெள்ளி, காலை 6.30)

அக்கா, நன்றி. ஒன்லைனை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நெறியாளராக நடிக்க எங்கள் மன்றத்திலேயே கல்லூரி மாணவி ஒருவர் இருக்கிறார்.

ஆராவயல் அண்ணே, இரவு முழுக்க உங்கள் பதிவைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். போன வருடம் நான் கூட்டத்தில் நின்று பார்த்தவன். ஒரு தலைவரின் குரல் வந்தபோது பாதிக் கூட்டம் சிரித்தது, மற்றப் பாதி பல்லைக் கடித்தது. அடுத்த தலைவர் குரல் வந்ததும் அப்படியே மாறியது. எதிராளியைப் பார்த்துத்தான் எல்லாரும் சிரித்தார்கள். தன் கட்சிக்காரரும் இதையேதான் செய்கிறார் என்று ஒருவர்கூட நினைக்கவில்லை. பெயர் சொன்னதால் எங்கள் ஊரில் பாதிப் பேர் தப்பித்துக்கொண்டார்கள்.

கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறு எதற்கோ பதில் சொல்வதற்குக் கட்சி வேறுபாடு இல்லை. என் குறி அதன்மேல்தான். வெள்ளைச் சட்டையைப் பார்த்து ஒவ்வொருவரும் "இது நம்ம ஆளு மாதிரியே இருக்கே" என்று ஒரு விநாடி கூச வேண்டும். பயத்தில் இப்படி எழுதவில்லை அண்ணே, நம்பித்தான் எழுதினேன்.

தேவகோட்டை வக்கீல் (வெள்ளி, காலை 8.10)

குழுவில் யாராவது "நாடகம் என்றால் போலீசில் எழுத்துப்படி கொடுத்து அனுமதி வாங்க வேண்டுமே" என்று கட்டாயம் கேட்பார்கள். பதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு அப்படித்தான் இருந்தது. தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் 1954 என்று ஒன்று. நாடகப் பிரதியை முன்கூட்டியே அதிகாரியிடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று நீக்கிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்து 1876ஆம் வருடச் சட்டமும் இப்போது இல்லை.

ஆனால் ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும், இரவு 10 மணி வரம்பும் உண்டு. விழாவுக்காகக் குழு எப்படியும் வாங்கும். தேர்தல் நெருங்கும் நேரம் என்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆவது பிரிவைப் பாருங்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் கச்சேரி, நாடகம் போன்ற கேளிக்கைகள் வழியாகத் தேர்தல் சங்கதியை மக்களிடம் பரப்பக் கூடாது. அந்தத் தேதிகளில் விழா விழாதவரை கவலை இல்லை.

அவதூறு வழக்கு என்பது அடையாளம் தெரிகிற ஆளுக்குக் களங்கம் வந்தால்தான். நீங்கள் யாரையும் அடையாளம் காட்டவில்லை. ஆராவயல் சொல்கிறபடி செய்தாலும் அரசியல் விமர்சனத்துக்கு இடம் உண்டு என்பது வேறு விஷயம். 15 நிமிட நாடகத்துக்காகக் கோயில் குழுவைக் கோர்ட்டுக்கு அலைய வைக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ஹார்மோனியக் கட்டை (வெள்ளி, பிற்பகல் 3.25)

மெதுவாகத்தான் தட்டச்சு செய்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சீமையில் விவாதம் பார்ப்பதற்குத் தொலைக்காட்சி வரவேண்டியிருக்கவில்லை. வள்ளி திருமணம் ஸ்பெஷல் நாடகம் போட்டால் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம்தான் ராத்திரியின் உயிர். புதுக்கோட்டையிலிருந்து ஒருவர் வருவார், மதுரையிலிருந்து ஒருவர் வருவார், ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த பாட்டுத் தடம் இருக்கும். அதற்கு மேல் ஒருவரை ஒருவர் மடக்குவது அவரவர் சரக்கு. நாரதர் ஒரு கேள்வி போட்டால் வள்ளி அதற்குப் பதில் பாடிவிட்டுத்தான் தன் கேள்வியைப் போட வேண்டும். மழுப்பினால் மணலில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறவன்கூட எழுந்து உட்கார்ந்து "கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா" என்பான். சிறுவயதில் என் காதால் கேட்டிருக்கிறேன். விடிய விடிய விழித்திருந்தது அந்த ஒன்றுக்காகத்தான்.

பட்டிமன்றமும் அப்படியே. 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கியதும், குன்றக்குடி அடிகளார் பட்டிமன்றத்தை ஊர் ஊராகக் கொண்டு போனதும் நம் வாசலில் நடந்தவை. எதிரணி சொன்னதை எடுத்துச் சொல்லி, அதற்குப் பதில் கூறிவிட்டுத் தன் கட்சியைப் பேசு என்பதுதான் அங்கே ஒழுங்கு. பிற்காலத்தில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவாவும் காந்தியும்கூட அப்படித்தான். வருணாசிரமம் பற்றிக் காந்தி சொன்னதை ஜீவா மறுத்துக் கடிதம் எழுத, 1927இல் காந்தி அந்த இளைஞரைத் தேடிச் சிராவயல் ஆசிரமத்துக்கே வந்தார். உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம்.

ஆகவே தம்பி, குழுவில் இருக்கும் பெரியவர்களிடம் "தொலைக்காட்சி விவாதத்தைக் கிண்டல் செய்கிறோம்" என்று சொல்லாதே. "தர்க்கம் எப்படி இருந்தது, இப்போது எப்படி ஆகிவிட்டது என்று காட்டப் போகிறோம்" என்று சொல். அவர்கள் வாலிபத்தில் விழித்துக் கிடந்த ராத்திரி அது. நெறியாளருக்குப் பக்கத்தில் ஒரு பபூனையும் உட்கார வை. யாராவது மழுப்பும்போதெல்லாம் பபூன் எழுந்து நின்று பாட்டியின் கேள்வியை அதே மெட்டில் ஒரு வரி பாடட்டும். மூன்றாவது தடவை கூட்டமே சேர்ந்து பாடும். ஹார்மோனியம் நான் வாசிக்கிறேன், தேவகோட்டை ரஸ்தாவிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம்.

கண்டனூர் அக்கா (வெள்ளி, மாலை 5.50)

ஐயா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. எங்கள் அப்பத்தா தர்க்கப் பாட்டை அடுப்படியில் இடியாப்பம் பிழிந்துகொண்டே பாடுவார்.

மைக்செட் தம்பி (வெள்ளி, இரவு 7.15)

அந்த நாலு ஜன்னல் எப்படிச் செய்யப் போகிறீர்கள்? எனக்கு ஒரு யோசனை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் கடைகளில் ஜன்னல் நிலைகள் அடுக்கி வைத்திருப்பார்கள். நாலு எடுத்து வரிசையாக நிறுத்தினால் தொலைக்காட்சிப் பெட்டி மாதிரியும் இருக்கும், நம்ம ஊர் வீட்டு முகப்பு மாதிரியும் இருக்கும்.

ஆராவயல் (வெள்ளி, இரவு 7.40)

பர்மாத் தேக்கு ஜன்னல் நிலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாயா? ஒன்றுக்கு நாலு ஆள் வேண்டும். சாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. பிளைவுட்டில் வெட்டி மரச் சாயம் பூசு.

வரத்துக்கால் தம்பி, உன் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். தன் கட்சிக்காரனைப் பார்த்து யாரும் கூசவில்லை என்றாயே, அது என்னைத் தொட்டது. சரி, பெயர் வேண்டாம். ஆனால் அப்படியென்றால் மழுப்புகிற விதம் ஒவ்வொன்றும் துல்லியமாக இருக்க வேண்டும். ஊரணியா குளமா என்பது நல்ல கற்பனைதான், ஆனால் மேடையில் கற்பனையைவிடக் கேட்ட பேச்சுக்குத்தான் சிரிப்பு அதிகம். பல வருடமாக விவாதம் பார்க்கிறேன், என் காதில் தங்கியவற்றைத் தருகிறேன்.

ஆளுங்கட்சிக்காரர் எப்போதும் "அருமையான கேள்வி" என்று தொடங்குவார். அதோடு கேள்வி செத்தது. அடுத்து "2006இல் என்ன நடந்தது தெரியுமா?" என்று ஒரு வருடத்தைச் சொல்வார். எதிர்க்கட்சிக்காரர் அதற்கும் முந்தைய வருடம் ஒன்றைச் சொல்வார். இருவரும் மாறி மாறிப் பின்னால் போய், கடைசியில் பாண்டியர் காலத்தில் நிற்கட்டும். பாட்டி கேட்டதோ வரப்போகிற மழைக்காலத்தைப் பற்றி. இந்த இடம் நன்றாக எடுபடும் என்று அடித்துச் சொல்வேன். அரசியல் விமர்சகர் "இதை இரண்டு கோணத்தில் பார்க்கலாம்" என்று ஆரம்பித்து இரண்டாவது கோணத்துக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். சமூக ஆர்வலருக்கு வாய்ப்பே வராது. கையைத் தூக்கியபடியே இருப்பார். ஒருமுறை வாய் திறக்கும்போது நெறியாளர் "உங்களிடம் வருகிறேன்" என்பார், வரமாட்டார்.

வரத்துக்கால் (வெள்ளி, இரவு 9.05)

பாண்டியர் காலம்! அண்ணே, அதைப் படித்து வீட்டில் எல்லாரும் சிரித்தோம். ஊரணியா குளமா சுற்றை எடுத்துவிட்டு இதை வைக்கிறேன்.

ஐயா, நீங்கள் சொன்ன தர்க்கம்தான் இந்த நாடகத்துக்கு முதுகெலும்பு. பபூனைச் சேர்த்தாயிற்று. நீங்கள் வாசிக்க வருவதாகச் சொன்னது எங்களுக்குப் பெரிய பாக்கியம்.

முடிவு மட்டும் இன்னும் சிக்கவில்லை. பாட்டி மேடை ஏறி நாலு பேருக்கும் புத்தி சொல்வதாக எழுதிப் பார்த்தேன். சத்தமாகப் படித்தபோது அதுவும் ஒரு மேடைப் பேச்சாகவே இருந்தது. பாட்டியே மண்வெட்டியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு கிளம்புவதாக எழுதினேன். நண்பன் ஒருவன், "அப்படியென்றால் பாட்டி வெட்டினால் போதும், அவர்கள் செய்ய வேண்டாம் என்று ஆகிவிடுமே" என்றான். அதுவும் சரிதான்.

செக்காலைத் தெரு (சனி, காலை 5.20)

வெளிநாட்டில் இருக்கிறேன், இப்போதுதான் இழையைப் படித்தேன். முடிவுக்கு ஒரு நிஜச் சம்பவம் சொல்கிறேன்.

1976 செப்டம்பர் 23, அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து நாடக அரங்கு ஒன்றில் அதிபர் ஃபோர்டும் ஜிம்மி கார்ட்டரும் தொலைக்காட்சி விவாதம் நடத்தினார்கள். நிகழ்ச்சி முடியப் போகும் நேரத்தில் ஒலி அறுந்துவிட்டது. சரிசெய்ய 27 நிமிடம் ஆனது. அந்த 27 நிமிடமும் இரண்டு பேரும் தத்தம் மேசைக்குப் பின்னால் அப்படியே நின்றார்கள். பக்கத்தில்தான் நிற்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் பேசியிருக்கலாம். பேசவில்லை. நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

உங்கள் மேடையில் நாலாவது முறை பாட்டி எழும்போது மைக் போகட்டும். நாலு ஜன்னலிலும் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. ஒவ்வொருவராக வாயை மூடி நிற்கிறார்கள். பாட்டிக்கு முதலிலிருந்தே மைக் கிடையாதே! அவர் குரல் மட்டும் கேட்கும்.

ஹார்மோனியக் கட்டை (சனி, காலை 6.05)

இதுதான் முடிவு. அந்த இடத்தில் நான் வாசிக்க மாட்டேன். கட்டையில் கையே வைக்க மாட்டேன்.

மைக்செட் தம்பி (சனி, காலை 9.30)

கவனம். ஆம்பிளிஃபயரை நிறுத்தினால் 'டொப்' என்று சத்தம் வரும், நிஜமாகவே பழுது என்று நினைத்துக் கூட்டம் கத்த ஆரம்பித்துவிடும். மிக்சரில் நாலு மைக்கின் அளவையும் மெல்லக் குறைத்து ஐந்து விநாடியில் பூஜ்ஜியமாக்குகிறேன். விளக்கு எரியட்டும். ஜெனரேட்டரைக் கோயிலுக்குப் பின்னால் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாட்டியின் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது.

பாட்டியை மேடைக்கு முன்னால் வைக்காமல் கூட்டத்தின் நடுவில் உட்கார வைப்பது நல்லது. சுற்றியிருப்பவர்கள் தானாக அமைதியாகிவிடுவார்கள்.

கண்டனூர் அக்கா (சனி, காலை 10.00)

குழுவிடம் சொல்லும்போது இந்த முடிவைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றும். வேண்டாம், சொல்லிவிடுங்கள். போன வருடம் முன்கூட்டி ஒன்று சொல்லிவிட்டு மேடையில் வேறொன்று நடந்ததுதானே அவர்களுக்குக் கோபம். முழுப் பிரதியையும் கையில் கொடுங்கள். சட்டம் கேட்கவில்லை என்றாலும் ஊர் கேட்கிறது.

நேரத்தையும் சொல்லுங்கள். காரைக்குடிக் கம்பன் விழா குறித்த நிமிடத்தில் தொடங்கி முடியும் என்பதைப் பார்த்து வளர்ந்த பெரியவர்கள் அவர்கள். "15 நிமிடம், 16 ஆனால் நாங்களே விளக்கை அணைத்துவிடுவோம்" என்றால் நிம்மதியாவார்கள்.

வரத்துக்கால் (ஞாயிறு, பிற்பகல் 1.45)

மண்டபத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஒன்பது பேர் இருந்தார்கள். போன வருடம் நடந்ததை நானே முதலில் எடுத்துச் சொல்லி, அதனால் என்ன மாற்றியிருக்கிறோம் என்று இரண்டு வாக்கியம் பேசினேன். அப்புறம் அக்காவின் ஒன்லைன். ஒருவர் சிரித்தார், மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஐயா சொன்ன தர்க்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் முகங்கள் மாறின. குழுத் தலைவர் இடையில் நிறுத்தி, இந்தக் கோயில் திடலில் எந்த வருடம் யார் வள்ளி, யார் நாரதர் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் ஒரு வரியைப் பாடியே காட்டினார். கால் மணி நேரம் நான் ஒன்றும் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு நாலு நண்பர்களும் பாண்டியர் காலச் சுற்றை உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினார்கள். குழுவில் இரண்டு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்து, ஒருவரை ஒருவர் பார்த்து, சிரிப்பை நிறுத்தினார்கள். ஆராவயல் அண்ணே, அந்த ஒரு விநாடிக்காகவே உங்களுக்கு நன்றி.

மைக் போகும் முடிவைச் சொன்னபோது ஒரு பெரியவர் மட்டும், "பாட்டி கேட்டதுக்கு அப்ப யார்தான் பதில் சொல்றது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை, அதையே சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "நீர்வளத்துறையா ஊராட்சி ஒன்றியமா, அந்த வாய்க்கால் யாரிடம் இருக்கு என்று முதலில் கேட்டு எழுதுவோம்" என்றார். அது நாடகத்துக்கு வெளியே உள்ள வேலை. கிராமசபைக்கு ஒரு மனு எழுத அங்கேயே இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள்.

மேடை நமக்கு. 15 நிமிடம், இரவு 7.30க்கு. பிரதியின் ஒரு படி குழுவிடம் இருக்கும். அவர்கள் கேட்ட மாற்றம் ஒன்றே ஒன்று: பெயர்ப்பலகைச் சுற்றில் பெயர்ப்பலகை என்று வருவதைக் கல்வெட்டு என்று மாற்ற வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் நிற்பது கல்வெட்டு. மாற்றிவிட்டேன்.

ஆராவயல் (ஞாயிறு, பிற்பகல் 2.10)

கல்வெட்டுதான் இன்னும் நல்லது. அழிக்க முடியாது.

கண்டனூர் அக்கா (ஞாயிறு, மாலை 4.30)

பாட்டி வேடத்துக்கு யார்?

வரத்துக்கால் (ஞாயிறு, மாலை 6.20)

மன்றத்துப் பெண் ஒருவருக்கு நரைமுடி வைக்கலாம் என்றுதான் இருந்தோம். மதியம் என் அப்பத்தாவிடம் பிரதியைப் படித்துக் காட்டினேன். எழுபத்தெட்டு வயது. கேட்டு முடித்துவிட்டு, கேள்வி தப்பு என்றார். "கருவேலத்தை வெட்டுனா மூணு மாசத்துல மறுபடி தழைக்கும். வேரோட எப்ப புடுங்குவீகன்னு கேக்கணும்" என்றார். எழுதிக்கொண்டேன். பிறகு அவரே நடிக்கிறேன் என்றுவிட்டார்.

ஒத்திகை வெள்ளிக்கிழமை மாலை 6 மணி, கோயில் மண்டபம். ஹார்மோனிய ஐயாவைப் பஸ் நிறுத்தத்திலிருந்து அழைத்துவர வண்டியோடு நிற்பேன்.